பற்றும் விடுதலும்: ஒட்டும் காயக்கட்டின் ஒரு நூற்றாண்டு

'பற்று' என்னும் சொல்லுக்குத் தமிழில் பொருள் பல. மொழியின்மீதும் மண்ணின்மீதும் கொள்வது பற்று. துறவியர் விட முயல்வதும் பற்று. வணிகரின் பேரேட்டில் வரவுக்கு எதிர்ப்பக்கத்தில் எழுதப்படுவதும் பற்று. தலைவலிக்குச் சுக்கை இழைத்து நெற்றியில் இடுவதும் பற்றே. கடைசியாகச் சொன்ன இந்தப் பற்றுக்கு இரண்டு கடமைகள் உண்டு. வேலை முடியும்வரை தோலோடு ஒட்டியிருக்க வேண்டும். முடிந்தபின் தோலுக்குத் தீங்கின்றி உதிர்ந்துவிட வேண்டும். நெற்றி உலர்ந்த இடம், ஊறுபடாத தோல். ஆதலால் அங்கே இரண்டும் எளிதில் நிறைவேறுகின்றன. புண்ணின்மேல் இடும் கட்டுக்கோ இவ்விரு கடமைகளும் ஒன்றோடொன்று முரண்படுகின்றன. புண் ஈரமானது, ஈரத்தில் பசை பிடிக்காது. குருதியும் நிணநீரும் உறைந்து தாமாகவே பிடித்துக்கொண்ட துணியோ, அவிழ்க்கும்போது புதிதாய் அரும்பிய தோலையும் உரித்துக்கொண்டு வரும். பற்ற வேண்டிய நேரத்தில் பற்றாமை, விட வேண்டிய நேரத்தில் விடாமை என்னும் இவ்விரு குறைகளையும் களைய மனிதர் மேற்கொண்ட முயற்சி, ஒரு நூற்றாண்டுக் காலத்தில் ஒரு வீட்டுச் சமையலறையிலிருந்து நத்தையின் கோழை வரை, சிலந்தியின் பசை வரை சென்றிருக்கிறது.

தமிழ்ப் புலவர்கள் புண்ணைப் பாடத் தயங்கியவர்கள் அல்லர். பதிற்றுப்பத்தில் புண்ணைத் தைக்கும் ஊசி, குளத்துள் பாய்ந்து எழும் மீன்கொத்திக்கு ஒப்பிடப்படுகிறது. புறநானூற்றில் புண்ணில் வைத்த பஞ்சு இன்னும் எடுக்கப்படாத வீரர் வருகின்றனர். எடுக்கப்படாத அந்தப் பஞ்சு, மருத்துவ வரலாற்றை நோக்குவோர்க்கு ஒரு சிறு வினாவை எழுப்புகிறது. அதை எடுக்கும் நாளில் என்ன ஆகும்? யாருடைய கை எடுக்கும்? அப்பாடலின் நோக்கம் வேறு. அந்த நாளை அது பாடவில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஐரோப்பிய மருத்துவம் அந்தப் பஞ்சைத் தூய்மை செய்தது. 1867இல் ஜோசப் லிஸ்டர் கார்பாலிக் அமிலத்தால் புண்ணையும் கட்டையும் நனைத்துச் சீழ்பிடிப்பதைத் தடுக்கும் முறையை வெளியிட்டார். 1880இல் பர்மிங்காம் நகரின் அறுவை மருத்துவர் ஜோசப் சாம்ப்சன் காம்ஜி பஞ்சை வலைத்துணிக்குள் பொதிந்து, கசிவை உறிஞ்சும் மெத்தையாக்கினார். இவை உயிர்களைக் காத்தவை என்பதில் ஐயமில்லை. ஆனால் புண்ணை உலர வைப்பதே மருத்துவம் என்னும் பழைய எண்ணம் அசையவில்லை. முதல் உலகப் போர்க் காலத்தில் பிரான்சின் லியோன் நகரிலிருந்து, புண்ணோடு ஒட்டாதிருக்கக் கொழுப்பூட்டப்பட்ட வலைத்துணி ஒன்று வெளிவந்தது. அதைத் தந்தவர் ஆகுஸ்ட் லூமியேர். தம்பி லூயியுடன் 1895இல் திரைப்படத்தை உலகுக்குக் காட்டிய அதே லூமியேர்தான். திரைப்பட வரலாறுகள் அவருடைய நீண்ட மருத்துவ ஆய்வு வாழ்க்கையைப் பெரும்பாலும் ஓரிரு வரிகளில் கடந்துவிடுகின்றன. அவருடைய துணி எளிதாக விட்டது, ஆனால் பற்றவில்லை. அதை நிறுத்தி வைக்க மேலே இன்னொரு கட்டுச் சுற்ற வேண்டியிருந்தது.

கட்டுச் சுற்ற இரண்டு கைகள் வேண்டும். பெரும்பாலும் இன்னொருவரின் கைகள். இந்த இடர்ப்பாட்டை முதலில் ஊன்றி நோக்கியது மருத்துவமனை அன்று, ஒரு குடும்பம். அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்து நியூ பிரன்ஸ்விக் நகரில், ஜான்சன் அண்டு ஜான்சன் நிறுவனத்தில் பஞ்சு கொள்முதல் பணியில் இருந்தவர் ஏர்ல் டிக்சன். அவருடைய மனைவி ஜோசபின் சமையல் வேலையில் அடிக்கடி விரலை வெட்டிக்கொள்பவர், சுட்டுக்கொள்பவர். காஸ் துணியை வைத்து மேலே ஒட்டுப்பட்டை போட்டால், வேலை செய்யும் விரலில் அது நிற்பதில்லை. கணவர் வீட்டில் இல்லாத பகல் பொழுதில் அதை ஒரு கையால் போட்டுக்கொள்ளவும் இயலாது. 1920இல் டிக்சன் அறுவை மருத்துவ ஒட்டுப்பட்டை ஒன்றை நீளமாக விரித்து, அதன் நடுவில் இடைவெளி விட்டுச் சிறு சிறு காஸ் சதுரங்களைப் பதித்து, பசை காய்ந்துவிடாதிருக்க விறைப்பான துணி ஒன்றால் மூடி வைத்தார். வேண்டும்போது ஜோசபினே ஒரு துண்டை வெட்டி, மூடுதுணியை உரித்து, விரலில் சுற்றிக்கொள்ளலாம். 1921இல் அது விற்பனைக்கு வந்தது. முதலில் 18 அங்குல நீளப் பட்டைகளாகவே விற்கப்பட்டதால் மக்கள் அதை நாடவில்லை. 1924இல் இயந்திரம் சிறு துண்டுகளாக வெட்டித் தரத் தொடங்கிய பின்னரே அது வீடுதோறும் புகுந்தது. தமிழ்நாட்டுப் பெட்டிக்கடைகளில் 'பிளாஸ்திரி' என்று கேட்டு வாங்கப்படுவது அதன் வழித்தோன்றலே.

டிக்சன் நிறுவனத்தின் துணைத் தலைவராக உயர்ந்தார். ஜோசபினோ, விரலை வெட்டிக்கொண்ட மனைவி என்ற அளவில் கதையில் நின்றுவிட்டார். இது நேர்மையான கணக்கு அன்று. புண்பட்டவரே, பிறர் துணையின்றி, ஒரு கையால், சில நொடியில் போட்டுக்கொள்ள இயல வேண்டும் என்னும் வடிவமைப்பு விதி அவருடைய விரல்களிலிருந்து பிறந்தது. பின்வந்த ஆய்வுக்கூடங்கள் அந்த விதியைப் பலமுறை மறந்து, பலமுறை அதனிடமே திரும்பியிருக்கின்றன.

ஆயினும் பிளாஸ்திரி, மூலச் சிக்கலைத் தீர்க்கவில்லை; சுற்றிக்கொண்டு போயிற்று. அதன் பசை புண்ணின்மீது படுவதில்லை. புண்ணைச் சுற்றியுள்ள உலர்ந்த தோலைத்தான் பற்றுகிறது. சுற்றிலும் நல்ல தோலே இல்லாத தீப்புண்ணுக்கும், வயிற்றுக்குள் கிழிந்த குடலுக்கும், துடித்துக்கொண்டிருக்கும் இதயத்துக்கும் பிளாஸ்திரி பயன்படாது. அவசரத்தில் ஒட்டும் வலிய பசைகளும் வந்தன. 1942இல் அமெரிக்க வேதியியலர் ஹாரி கூவரின் ஆய்வில் எதிர்ப்பட்ட சயனோ அக்ரிலேட் பசை, வியட்நாம் போரில் குருதிப் பெருக்கை நிறுத்தத் தெளிக்கப்பட்டது. அதன் ஒரு வகை, தோலில் ஏற்படும் வெட்டுக்காயங்களின் விளிம்பை ஒட்ட அமெரிக்க அரசின் ஒப்புதலை 1998இல் பெற்றது. ஆனால் அது கெட்டியாக உறைந்து கண்ணாடிபோல் விறைப்பது. உடம்போ வளைவது, சுருங்குவது, விரிவது.

இதற்கிடையில் புண்ணைப் பற்றிய எண்ணமே மாறியது. 1962இல் இங்கிலாந்தின் ஜார்ஜ் வின்டர், இளம் பன்றிகளின் தோலில் ஏற்படுத்திய மேலோட்டமான புண்களில் சிலவற்றைக் காற்றுப்பட விட்டார்; சிலவற்றைப் பாலித்தீன் தாளால் மூடினார். மூடியவற்றில் பொருக்குக் கட்டவில்லை. புதுத்தோல் ஏறக்குறைய இருமடங்கு வேகத்தில் படர்ந்தது. மறு ஆண்டே ஹின்மன், மைபாக் என்னும் இருவர் மனிதத் தோலிலும் இதனை உறுதி செய்தனர். பொருக்கு, புண்ணின் கவசம் எனக் கருதப்பட்டு வந்தது. உண்மையில் அது வழியை மறிக்கும் காய்ந்த பாறை. புதுத்தோலின் உயிரணுக்கள் அதன் அடியில் ஈரமுள்ள மண்ணைத் தேடிக் குடைந்து செல்ல வேண்டியிருக்கிறது. ஈரம் காக்கப்பட்டால் அவை மேற்பரப்பிலேயே வழுக்கிச் செல்கின்றன. உலர்த்துக என்னும் பலநூற்றாண்டு அறிவுரை, ஒரு பாலித்தீன் தாளின் முன் தோற்றது.

ஆக, தேவைப்பட்டது ஈரத்தைத் தன்னுள் வைத்திருக்கும் ஒரு பொருள். அத்தகைய பொருள் இரண்டாண்டுகளுக்கு முன்பே பிறந்திருந்தது. ஆனால் புண்ணுக்காக அன்று, கண்ணுக்காக. அதன் கதை, இந்நூற்றாண்டு வரலாற்றின் மிகச் சுவையான பகுதி எனலாம்.

ஓட்டோ விக்டெர்லே 1913இல் பிறந்த செக் நாட்டு வேதியியலர். நாஜி ஆக்கிரமிப்பில் பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டபோது, சிலின் நகரில் பாட்டா காலணி நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றி, நைலானை ஒத்த 'சிலோன்' என்னும் இழையைக் கண்டவர். 1942இல் கெஸ்டபோவின் சிறையில் சில மாதம் இருந்தவர். 1952இல் ரயில் பயணம் ஒன்றில், கண்ணை இழந்தவர்க்குப் பொருத்தும் டாண்டலம் என்னும் உலோக உறுப்பைப் பற்றிய பேச்சு எழுந்தது. உயிருள்ள திசுவோடு உறவாட வேண்டிய பொருள் உலோகமாக ஏன் இருக்க வேண்டும், நீரைத் தன்னுள் கொண்ட மென்மையான பிளாஸ்டிக்காக ஏன் இருக்கக் கூடாது என்பது அவருக்குள் எழுந்த வினா. அவரும் உடன் ஆய்வாளர் ட்ரஹோஸ்லாவ் லிம்மும் அத்தகைய பொருளை உருவாக்கி, 1960இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்டனர். இன்று ஹைட்ரோஜெல் எனப்படும் பொருள் மருத்துவத்துக்குள் நுழைந்த வாயில் அக்கட்டுரை.

ஹைட்ரோஜெல் என்றதும் அயலான ஒன்றை எண்ண வேண்டியதில்லை. சர்பத்தில் இடும் சப்ஜா விதை நீரில் ஊறியதும் அதைச் சுற்றித் திரளும் வழவழப்பு ஒரு ஹைட்ரோஜெல். கடற்பாசி இனிப்பு ஒரு ஹைட்ரோஜெல். நீண்ட மூலக்கூற்றுச் சங்கிலிகள் ஆங்காங்கே முடிச்சிட்டு வலையாகி, அவ்வலையின் கண்களில் நீரைப் பிடித்து வைத்திருக்கின்றன. நீர் ஓடுவதில்லை, ஆயினும் அது நீரே. உடம்பும் பெரும்பாலும் இத்தகைய ஈரவலைதான். எனவே உடம்பு இப்பொருளை அந்நியமாக எண்ணி வெறுப்பதில்லை.

விக்டெர்லேயின் வாழ்க்கை அதற்குப்பின் இன்னும் கடினமாயிற்று. அரசியல் களையெடுப்பில் 1958இல் பிராகா வேதித் தொழில்நுட்பக் கல்விக்கூடத்திலிருந்து வெளியேற்றப்பட்டார். அறிவியல் கழகத்தின் புதிய பெருமூலக்கூறு ஆய்வு நிறுவனத்தில் அவருக்கு இடம் கிடைத்தது. ஆயினும் மென்மையான கண்வில்லை ஆய்வுக்கு அளிக்கப்பட்ட ஆதரவு நிறுத்தப்பட்டது. 1961 கிறிஸ்துமஸ் விடுமுறையில், வீட்டு மேசையின்மேல், மெர்க்குர் என்னும் குழந்தைகளின் உலோக விளையாட்டுத் துண்டுகளைப் பூட்டி, மகனின் மிதிவண்டி டைனமோவையும் அழைப்புமணியின் மின்மாற்றியையும் இணைத்து, சுழலும் அச்சில் திரவத்தை வார்த்து நான்கு வில்லைகளை எடுத்தார். அடுத்த நான்கு மாதங்களில் அவரும் மருத்துவரான மனைவி லிண்டாவும் அதே வீட்டில் 5,500 வில்லைகள் வார்த்தனர். காப்புரிமையை அரசு அமெரிக்க நிறுவனத்துக்கு விற்றது. கண்டவருக்குக் கிடைத்தது மிகச் சிறிய பங்கே. 1968ஆம் ஆண்டின் 'ஈராயிரம் சொற்கள்' அறிக்கையில் கையெழுத்திட்டதற்காக 1970இல் இயக்குநர் பதவியும் பறிபோயிற்று. ஆட்சி மாறிய பின் 1990இல் செக்கோஸ்லோவாக்கிய அறிவியல் கழகத்துக்கே தலைவரானார். 1998இல் மறைந்தார்.

கண்ணில் வெற்றிபெற்ற ஜெல், புண்ணுக்கு வரச் சில ஆண்டுகள் ஆயின. இங்கே போலந்தின் லோட்ஸ் நகர்த் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் யானுஷ் ரோசியாக் 1980களில் வகுத்த முறை போற்றத்தக்கது. நீரில் கரையும் பலபடிகளோடு கடற்பாசியின் அகாரையும் சேர்த்துக் காய்ச்சி, அச்சில் ஊற்றி, குளிர்ந்ததும் உறையிட்டு மூடி, மூடிய உறையின்மீது எலக்ட்ரான் கதிரைப் பாய்ச்சினார். அந்த ஒரே கதிர், சங்கிலிகளை முடிச்சிட்டு ஜெல்லையும் ஆக்கியது, கிருமிகளையும் கொன்றது. வேறு வேதிப்பொருளோ, தனியே தூய்மை செய்யும் படியோ தேவைப்படவில்லை. மும்பையின் பாபா அணு ஆராய்ச்சி மையமும் பாலிவினைல் ஆல்ககாலை அடிப்படையாகக் கொண்டு கதிர்வீச்சு முறையில் இவ்வகைக் காயக்கட்டை உருவாக்கியது. தீப்புண்ணின்மேல் குளிர்ச்சியாக அமர்ந்து, உள்ளே தெரியுமாறு பளிங்குபோல் இருந்து, எடுக்கும்போது தோலைப் பிய்க்காமல் வரும் கட்டு, எரிந்த உடம்பைத் தினந்தோறும் அவிழ்த்துக் கட்டும் செவிலியர்க்கும் அந்நேரத்தை அஞ்சிக் கிடக்கும் நோயாளிக்கும் எத்தகைய ஆறுதல் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் லூமியேரின் துணிக்கு நேர்ந்த குறையே இதற்கும் நேர்ந்தது. நன்றாக விட்டது, பற்றவில்லை. வழுக்கியது. இழுத்தால் நுங்குபோல் பிய்ந்தது. அதை நிறுத்த மீண்டும் ஒட்டுப்பட்டையே வேண்டியிருந்தது.

பிய்தலுக்கு முதலில் தீர்வு வந்தது. 2003இல் ஜப்பானின் ஹொக்கைடோ பல்கலைக்கழகத்தில் ஜியான் பிங் கோங் குழுவினர், எளிதில் முறியும் வலை ஒன்றையும் நன்கு நீளும் வலை ஒன்றையும் ஒன்றுக்குள் ஒன்றாக நெய்தனர். இழுக்கும்போது முதல் வலை ஆங்காங்கே முறிந்து விசையைத் தானே ஏற்றுக்கொள்கிறது. இரண்டாவது வலை உருவத்தைக் காக்கிறது. 2012இல் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஜிகாங் சுவோ, டேவிட் மூனி ஆகியோரின் குழு, கடற்பாசியிலிருந்து கிடைக்கும் ஆல்ஜினேட்டையும் பாலி அக்ரிலமைடையும் இவ்வாறு இணைத்து, பெரும்பகுதி நீராகவே இருந்தும் 20 மடங்குக்கு மேல் நீளும் ஜெல்லைக் கண்டது.

ஒட்டுதலை நத்தை கற்பித்தது. ஆரியன் சப்ஃபஸ்கஸ் என்னும் ஓடில்லா நத்தை, அச்சுறுத்தப்பட்டால் ஒருவகைக் கோழையைச் சுரந்து, ஈர இலையோடு தன்னைப் பிணைத்துக்கொள்ளும். அக்கோழையில் நேர்மின்னூட்டம் கொண்ட புரதங்களும், விசையை விழுங்கும் உறுதியான வலையும் உள்ளன. 2017இல் மூனியின் ஆய்வுக்கூடத்தில் ஜியான்யு லீ இதைப் பின்பற்றி ஈரடுக்குக் கட்டு ஒன்றை அமைத்து 'சயன்ஸ்' இதழில் வெளியிட்டார். அடியடுக்கில் நேர்மின்னூட்டமுள்ள பலபடி. நண்டு, இறால் ஓட்டிலிருந்து பெறும் கைட்டோசான் அவற்றுள் ஒன்று. அது எதிர்மின்னூட்டமுள்ள திசுவை ஈர்த்து, உட்புகுந்து, வேதிப்பிணைப்பும் கொள்கிறது. மேலடுக்கு, 2012இல் கண்ட அதே வலிய ஜெல். குருதி படிந்த நிலையிலும் அது ஒட்டியது. துளையிட்ட பன்றி இதயத்தில் ஒட்டி, பல்லாயிரம் முறை ஊதிச் சுருக்கியும் கசியவில்லை.

இங்கேதான் ஜோசபினின் விரல்களை மீண்டும் நினைக்க வேண்டியிருக்கிறது. நத்தைக் கட்டு வலியது. ஆனால் பலபடிக் கரைசலையும் பிணைப்பூக்கிகளையும் கலந்து தடவி, பிறகு வைத்து, பிடிக்கும்வரை நிமிடக் கணக்கில் அழுத்த வேண்டும். ஆய்வுக்கூட மேசையில் சில நிமிடம் பெரிதன்று. குருதி பெருகும் உடம்பின்முன் அது நெடுங்காலம்.

ஈரத்தில் ஏன் பசை பிடிப்பதில்லை என்பதை எதிர்ப்பக்கத்திலிருந்து எண்ணிப் பார்த்தவர்கள் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் ஹியுன்வூ யுக், ஷுவான்ஹே ஜாவோ குழுவினர். கட்டுக்கும் திசுவுக்கும் இடையே நிற்கும் மெல்லிய நீர்ப்படலமே பகை. ஈரமான ஜெல்லைக் கொண்டு அப்படலத்தை வெல்ல முயல்வது, நீரின்மேல் நீரை வைப்பதாகும். மழைநாளிலும் சிலந்திகள் இரையைப் பிடிக்கின்றன. அவற்றின் பசையிலுள்ள மின்னூட்டமுள்ள சர்க்கரைச் சங்கிலிகள் பூச்சியின் உடல்மீதுள்ள நீரை உறிஞ்சிக்கொண்டு, உலர்ந்த சிறு இடத்தில் பற்றிக்கொள்கின்றன. ஆகவே ஜெல்லை முன்கூட்டியே உலர்த்தித் தகடாக்கினர். 2019 அக்டோபரில் 'நேச்சர்' இதழில் வெளிவந்த அந்த இருபக்க ஒட்டுநாடாவில் பாலி அக்ரிலிக் அமிலமும், அதோடு ஜெலாட்டின் அல்லது கைட்டோசானும் உள்ளன. திசுவின்மேல் வைத்து அழுத்தியதும், தாகம் கொண்டதுபோல் இடைநீரைக் குடித்துத் தானும் ஜெல்லாகிறது. அக்கணமே ஹைட்ரஜன் பிணைப்புகள் பற்றுகின்றன. பின்னர் நாடாவிலேயே முன்னதாகக் கோத்து வைத்த எஸ்டர் தொகுதிகள் திசுவின் புரதத்தோடு நிலையான பிணைப்பை ஏற்படுத்துகின்றன. கலக்க ஒன்றுமில்லை, காத்திருக்க வேண்டியதுமில்லை. அழுத்த வேண்டிய நேரம் 5 நொடி. ஜெலாட்டின் நாடா உடம்புக்குள் சில வாரங்களில் கரையும். கைட்டோசான் நாடா சில மாதங்கள் நிற்கும். ஈரத்தைக் காக்கவென்று வந்த பொருள், ஈரத்தில் பற்றுவதற்காகத் தன் ஈரத்தைத் துறந்தது. விட்டால்தான் பற்ற முடியும் என்னும் இம்முரண், சித்தர் பாடல்களில் பழகியவர்க்குப் புதிதாக இராது.

அதே குழு பின்னும் கையின் வசதியையே நோக்கிச் சென்றது. பீறிடும் குருதியில் தகடு குடிக்கும் அளவுக்கு மேல் நீர் வந்துவிடும். எனவே பாறையில் ஒட்டும் கொட்டலசு என்னும் கடலுயிர், முதலில் எண்ணெய்ப் பொருளைச் சுரந்து பரப்பைத் துடைத்த பிறகே பசையை இடுவதைப் பின்பற்றி, ஒட்டும் நுண்துகள்களைச் சிலிக்கோன் எண்ணெயில் குழைத்த பசைக்குழம்பை 2021இல் வெளியிட்டனர். எண்ணெய் குருதியை ஒதுக்க, துகள்கள் பற்ற, 15 முதல் 30 நொடிக்குள் பெருக்கு நிற்கிறது. அதே ஆண்டில், நுண்துளை அறுவைக் கருவியைச் சுற்றி மடித்துச் செலுத்தத்தக்க மூவடுக்குத் தகடும் வந்தது. இவ்வாய்வுகள் எலி, பன்றி ஆகியவற்றின் உடல்களில் செய்து காட்டப்பட்டவை.

பற்றுதல் இவ்வாறு கைகூடியது. இத்தனை உறுதியாகப் பிடித்ததை எவ்வாறு எடுப்பது? வைத்த இடம் பிசகினால் என்ன செய்வது? அவசரத்தில் நடுங்கும் கை பிசகாமல் இருக்குமா? பஞ்சு எடுக்கப்படாத புண்ணின் பழைய வினா, வலிமை மிகுந்த அளவுக்குக் கூர்மையுடன் திரும்பி வந்தது. 2020இல் இக்குழுவினரே விடுவிக்கும் வழியையும் நாடாவுக்குள் அமைத்தனர். நிலையான பிணைப்பின் நடுவில், வேண்டும்போது அறுபடக்கூடிய இரட்டைக் கந்தகக் கண்ணி ஒன்றைக் கோத்தனர். நாடாவின்மேல் ஒரு கரைசலை ஊற்றினால், சுமார் 5 நிமிடத்தில் கண்ணிகள் அறுந்து, திசு கிழியாமல் நாடா தானே கழன்று வருகிறது. அக்கரைசலில் இருப்பவை இரண்டே பொருள்கள். ஒன்று, மனித உடம்பின் உயிரணுக்கள் தாமே ஆக்கிக்கொள்ளும் குளூட்டாதயோன். மற்றொன்று சோடியம் பைகார்பனேட். சமையலறை அலமாரியில் இருக்கும் ஆப்பசோடா.